மையவாடிச் சுவருக்கு வெளியே

அஸ்ரியா தன் செருப்பைக் கழற்றி, ஷொப்பிங் பேக் ஒன்றுக்குள் போட்டு, வாயை முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள். புதுச் செருப்பு. களப்புத் தண்ணீர் பட்டால் பசை விட்டுப்போகும் என்று அவளுக்குக் கவலை.

"செருப்புக்கு மடி, புருசனுக்கு இன்ஜின் புகை," என்றேன்.

"செருப்பு புதிசு. நீங்க பழசு தானே," என்றாள்.

நாங்கள் கற்பிட்டியிலிருந்து எங்கள் வள்ளத்தில் கடல்நீர் தேங்கிய களப்பைக் கடந்து கரைத்தீவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே அவளுடைய தங்கை றைஸாவுக்குப் பிள்ளை கிடைத்திருந்தது. தரைவழியால் போவதென்றால் பாலாவி, புத்தளம் என்று களப்பைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் குலுங்க வேண்டும். கச்சான் காற்று அன்று அவ்வளவு முரடாக இல்லை. பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று தண்ணீரில் வழுக்கி விளையாட வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் பக்கம் வருவார்கள். அவர்களுடைய பட்டங்கள் தூரத்தில் வானம் நிறைய நின்றன. அஸ்ரியா ஒரு மஞ்சள் பட்டத்தைக் காட்டி, "பெருநாளைக்கு எனக்கு அந்த நிறத்தில ஒரு துணி," என்றாள்.

"கட்டினா பறந்து போயிருவே," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

பட்டம் விடுகிறவர்கள் தண்ணீரில் விழுந்தால் தூக்கிவருவதற்கு அவர்களுடைய முகாமில் வேகப்படகு ஒன்று வைத்திருந்தார்கள். அந்தப் படகுதான் வந்தது. ஓட்டியவன் முன்னால் பார்க்கவில்லை. பின்னால் பலகையில் ஏறத் தெரியாமல் விழுந்து விழுந்து எழும்பிய ஒருத்தியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, வேகத்தைக் குறைக்காமல் வந்தான். நான் எழும்பி நின்று கத்தினேன். வள்ளத்தைத் திருப்பினேன். திருப்பிய பக்கமே அவனும் வந்தான். எனக்கு வலது கை முறிந்தது. அஸ்ரியாவைக் கரைக்குக் கொண்டுவந்தபோது அவள் மௌத்தாகியிருந்தாள்.

படகு ஓட்டியவனின் பெயர் ஜம்ஷித். உஸ்பெக்கிஸ்தான்காரன். முகாமில் பட்டம் விடப் பழக்கிக்கொடுக்க வந்தவன். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது.

எங்கள் ஊரில் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால், இறந்தவருடைய வீட்டார் ஒருவர் எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கேட்பது வழக்கம். இவர்மேல் யாருக்காவது ஹக்கு, அதாவது உரிமை, பாக்கி, மனத்தாங்கல் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள், அல்லது மன்னித்துவிடுங்கள் என்று. ஏனென்றால் அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். அவன் மன்னிக்காவிட்டால் மறுமையில், மஹ்ஷர் மைதானத்தில் அந்தக் கணக்கு நிற்கும். அஸ்ரியாவுக்காக அவளுடைய மூத்த சகோதரர், காக்கா, எழுந்து கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளிடம் யாருக்கு என்ன பாக்கி இருக்கப்போகிறது.

மூன்றாம் நாள் ஓதும் கத்தம் முடிந்த அடுத்த நாள், ஊர்ப் பெரியவர்கள் சிலர் ஜம்ஷித்தை என் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். என் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. அவன் கதிரையில் உட்காரவில்லை. நேரே வந்து தரையில் முழங்கால் குத்தி, என் இடது கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதான்.

"பதுர்தீன் நானா, இவன் வேணுமெண்டு செய்யல்ல," என்றார் ஒருவர். "இவனும் கலிமா சொன்ன வீட்டுப் புள்ள. மஆப் பண்ணிவிடுங்க."

நான் பேசவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ போனில் படம் எடுத்த சத்தம் கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ். பண்ணிட்டார்," என்றார் மற்றவர்.

"வாயால ஒண்ணும் சொல்லல்லயே," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வாயால சொல்லணுமா? மனுசன் கைய உருவல்லத்தானே."

நிக்காஹ் நாளில் பெண்ணிடம் சம்மதம் கேட்பார்கள். பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அன்று என்னையும் மணப்பெண்ணாக்கிவிட்டார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சில் கைவைத்துக் குனிந்து, இலேசான ஆளாக எங்கள் படலையைத் தாண்டிப் போனான். அவன் நடந்த நடையை நான் பார்த்தேன். வரும்போது இருந்த நடை அல்ல அது.

போலீஸ் போட்ட வழக்கு இரண்டாம் முறை கூப்பிடப்பட்ட அன்று அவன் வரவில்லை. நாட்டை விட்டே போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது. எப்படிப் போனான் என்று நான் விசாரிக்கவில்லை. போலீசும் வழக்கும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. நான் கொடுக்காத ஒன்றை அவன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதைத் திருப்பி எடுக்க வேண்டும். அவன் முகத்துக்கு நேரே, என் வாயால், நான் மன்னிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அவன் இரவில் நிம்மதியாகப் படுக்கிறான் என்ற நினைப்பு என்னைத் தின்றது. கை பொருந்திவிட்டது. அந்த நினைப்பு பொருந்தவில்லை.

முகாமில் சமையல் செய்த அருளப்புவிடம் போனேன். கற்பிட்டிக் கத்தோலிக்கர். அவரும் நானும் சிறுவயதில் ஒரே துறையில் வலை இழுத்தவர்கள்.

"அவன் தன்ர ஊரப்பத்திக் கதைக்கத் தொடங்கினா எனக்குச் சோறு அடிப்பிடிச்சிரும் நானா," என்றார். "பருத்தி எண்டுவான், முலாம்பழம் எண்டுவான், அவன்ட வீட்டு வாய்க்கால் எண்டுவான். புகாராவுக்குப் பக்கத்தில."

"ஊர்ப் பேர்?"

சொன்னார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "எதுக்கு நானா?"

"போய்ப் பார்க்கத்தான்."

"பார்க்கப் போற மனுசன்ட மூஞ்சி இப்பிடியா இருக்கும்? கத்தி கித்தி கொண்டு போறீங்களோ?"

"வாய் மட்டும்தான் கொண்டு போறன்," என்றேன்.

"உங்கட வாய்க்குக் கத்தி பரவாயில்ல," என்றார் அருளப்பு.

புத்தளத்திலிருந்து ஜபார் ஹாஜியார் ஆண்டுதோறும் சமர்கந்துக்கும் புகாராவுக்கும் ஸியாரத் பயணம் கூட்டிப்போகிறவர். பெரிய இமாம்களும் ஞானிகளும் அடங்கியிருக்கிற ஊர்கள் என்பதால் எங்கள் சனம் ஆசையோடு போகும். நானும் பெயர் கொடுத்தேன். மாம்புரியில் எனக்கிருந்த வெங்காயத் தோட்டத்தில் அந்தப் போகம் நன்றாக விளைந்திருந்தது. புகாராவில் ஸியாரத் எல்லாம் முடிந்த மறுநாள், ஹாஜியாரிடம் ஒரு பகல் கேட்டேன்.

"எங்க போகப்போறீங்க?"

"இங்கத்தய வெங்காயத் தோட்டம் பார்க்கணும்."

"கற்பிட்டில இல்லாத வெங்காயமா? சரி, மஃரிபுக்கு முன்ன வந்திருங்க. ஆளத் தொலைச்சிட்டு வந்தன் எண்டு உங்கட ஊர்ல என்னப் போட்டுருவானுகள்."

சின்ன வெள்ளைக் கார் ஒன்றோடு ஒருவன் வந்தான். அவனுக்குத் தமிழும் தெரியாது, அரபும் தெரியாது. போகிற வழியில் அவனிடமிருந்து ஒரு சொல் கற்றுக்கொண்டேன். யோக். இல்லை என்று அர்த்தம். எனக்கு அந்தச் சொல் ஒன்றே போதும் என்று பட்டது.

பையில் ஒரு பக்கற் கிறீம் கிறேக்கர் பிஸ்கட்டும் ஒரு போத்தல் தண்ணீரும் வைத்திருந்தேன். அந்த ஊரில் ஒரு பருக்கையும் வாயில் வைப்பதில்லை என்பது என் முடிவு. எங்களிடத்தில் ஸஹன் என்று பெரிய தட்டு உண்டு. ஐந்து பேர் சுற்றியிருந்து அதில் ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவோம். குடும்பத்தில் இருவர் கோபித்துக்கொண்டால், சமாதானம் பண்ண வருகிறவர்கள் எதையும் பேசமாட்டார்கள். இருவரையும் ஒரே ஸஹனில் இருத்திவிடுவார்கள். கைவைத்தபின் பகை பேச முடியாது. அதனால் எதிராளி வீட்டுச் சோற்றை எங்கள் ஆட்கள் பயந்து பார்ப்பார்கள். நானும் பயந்தேன்.

ரோட்டின் இரண்டு பக்கமும் வாய்க்கால். வாய்க்கால் கரையில் வரிசையாக முசுக்கட்டை மரங்கள். பட்டுப்புழுவுக்கு இலை வெட்டி வெட்டித் தலை பருத்துப்போயிருந்தன. அதற்கப்பால் பருத்தி. பெண்கள் இடுப்பில் சேலைத் துணிபோல் ஒன்றை மடித்துக் கட்டி, அதற்குள் பஞ்சு பிடுங்கிப் போட்டுக்கொண்டு நின்றார்கள். வெங்காயமும் இருந்தது. எங்கள் மணலைப் போல் இல்லாமல் கனத்த களிமண். நாங்கள் குழாய் வைத்துத் தெளிக்கிறோம், அவர்கள் வரப்பு வெட்டி வாய்க்காலைத் திறந்துவிடுகிறார்கள். பாத்தியின் ஓரத்தில் மண் வெள்ளை பூத்திருந்தது. இறங்கி, தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. புத்தளத்து உப்பு வாய்க்கால் ஓரம் எப்படி வெளுத்துக் கிடக்குமோ அப்படி. உடனே துப்பினேன். பருக்கையும் வேண்டாம் என்றவன் முதலில் நக்கியது அந்த மண்ணைத்தான்.

இவ்வளவு தண்ணீரும் பச்சையும் உள்ள இடத்தில் பிறந்தவன் எதற்காக எங்கள் களப்புக்கு வந்தான் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த ஊர் அசிங்கமாக இருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன் போலும். அழகாக இருந்ததையும் அவன் கணக்கிலேயே எழுதினேன்.

அந்தச் சனத்திடம் வழி கேட்பது லேசான காரியம் அல்ல. வழி சொல்லுமுன் எதையாவது தருவார்கள். பஞ்சு பிடுங்கிய பெண்கள் முலாம்பழக் கீற்றை நீட்டினார்கள். யோக் என்றேன். சைக்கிளில் வந்த கிழவர் நிறுத்தி ஒரு குலை திராட்சை தந்தார். யோக். கடைவாசலில் ஒருவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். யோக். பெண்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பின்னால், என் குரலிலேயே ஒருத்தி, "யோக், யோக்," என்றாள். அஸ்ரியா இருந்திருந்தால் அவளோடு சேர்ந்து சிரித்திருப்பாள். அதுவும் எனக்கு ஆத்திரத்தைக் கூட்டியது.

"ஜம்ஷித்?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. ஒருத்தி பஞ்சுத் துணியை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு, என்னை வரச்சொல்லி முன்னால் நடந்தாள்.

நீலப் பெரிய கதவு. உள்ளே முற்றம், திராட்சைப் பந்தல். ஐம்பது தாண்டிய ஒரு பெண் மாவுக் கையோடு வந்து, நெஞ்சில் கைவைத்துக் குனிந்தாள். அவள் பெயர் மொஹிரா என்று, என்னைக் கூட்டிவந்தவள் சொன்னாள். ஜம்ஷித்தின் தாய் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. அதே நெற்றி. ஆரென்று கேட்காமல், எதற்கு வந்தாய் என்று கேட்காமல், என்னை உள்ளே கூட்டிப்போய் வாசலுக்கு எதிரே, மரியாதைக்குரிய இடத்தில் இருத்தினாள். துணி விரித்தாள். நடுவில் அச்சுக் குத்திய வட்டமான ரொட்டிகள், பழம், கொட்டை, சீனி. நான் தலையைத் தூக்கினேன்.

சுவரில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன்.

சட்டம் போட்ட படம். மாவுக்கட்டோடு நான் என் வீட்டுக் கதிரையில் இருக்கிறேன். ஜம்ஷித் என் கையைத் தன் நெற்றியில் வைத்திருக்கிறான். அவளும் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு ஓவென்று ஒரு சத்தம் போட்டாள். அது அழுகையா சந்தோசமா என்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் முற்றத்து மூலைக்குப் போய், எனக்காக அறுப்பதற்குச் செம்மறி ஆட்டின் கயிற்றை அவிழ்த்தார். ஆளனுப்பி இமாமைக் கூட்டிவந்தார்கள். சவூதியில் தோட்டவேலை செய்த காலத்தில் பழகிய அரபு எனக்கு இருந்தது. இமாமும் அரபு படித்தவர். என்னைவிட இளையவர், நிதானமான மனிதர்.

"நீங்கள் வருவீர்கள் என்று யாரும் நினைக்கவில்லை," என்றார். "இந்தத் தாய் ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்குத் துஆச் செய்கிறவள். கடல்காரர் என்றுதான் இந்த ஊரில் உங்களுக்குப் பெயர். மகனை மன்னித்த கடல்காரர்."

"மகன் எங்கே?" என்றேன்.

இமாம் தாயைப் பார்த்தார். "தெரியாமலா வந்தீர்கள்? போன குளிர்காலத்தில் மௌத்தாகிவிட்டான். ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். சாரம் சரிந்து விழுந்தான். பெட்டியில் கொண்டுவந்தார்கள்."

எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். நான் சொல்ல வந்ததைக் கேட்காமல் தப்பிவிட்டான் என்ற ஏமாற்றம். இரண்டாவது தரமும் நாட்டை விட்டுப் போய்விட்டான்.

இமாம் தொடர்ந்தார். "ஜனாஸாவில் நானே எழுந்து கேட்டேன். இவன்மேல் ஹக்கு உள்ளவர் யாராவது இருக்கிறீர்களா என்று. மூன்று முறை கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. நல்ல பிள்ளை."

"அந்தப் பதிலைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்," என்றேன். "எனக்கு ஹக்கு இருக்கிறது. நான் மன்னிக்கவில்லை."

அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "கையைக் கொடுத்திருக்கிறீர்களே."

"அவன் எடுத்தான். நான் கொடுக்கவில்லை. என் வாய் திறக்கவில்லை. சொல்லுங்கள் இந்தப் பெண்ணுக்கு."

"சொல்ல மாட்டேன்."

"உங்கள் வேலை மொழிபெயர்ப்பதுதான்."

"என் வேலை இந்த ஊரில் வேறு," என்றார் இமாம். குரலை உயர்த்தவில்லை. "முதலில் சாப்பிடுங்கள். ஆறுதலாகப் பேசுவோம்."

அதற்குள் நெய்ச்சோறு மாதிரி, இறைச்சியும் கரட்டும் போட்ட சோறு பெரிய தட்டில் வந்தது. நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடும் தட்டு. ஸஹன்தான், வேறு பெயர். எனக்கு நல்ல பசி. அந்த வாசனையை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியும். மொஹிரா ஒரு ரொட்டியைத் தன் கையால் பிய்த்து என் முன்னால் வைத்துவிட்டு, என் கை போகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

இமாம் சொல்லாவிட்டால் என்ன. என்னிடம் இரண்டு சொற்கள் இருந்தன. பொருந்திக்கொள்வதற்கு ராஸி என்போம். அது அரபுச் சொல். எங்கள் ஊரிலும் அதுதான், அவர்கள் ஊரிலும் அதுதான். நான் அவளைப் பார்த்தேன். சுவரில் இருந்த அவனைக் காட்டினேன். என் நெஞ்சில் கைவைத்தேன்.

"ராஸி யோக்," என்றேன்.

அறைக்குள் இருந்த எல்லாருக்கும் விளங்கியது. முற்றத்தில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கயிற்றைத் திரும்பக் கட்டினார்.

மொஹிரா அழுவாள் என்று நினைத்தேன். காலில் விழுவாள் என்றும் நினைத்தேன். விழட்டும் என்றுதான் இருந்தேன். மகனுடைய முகத்தில் பார்க்க வந்ததை இந்த முகத்தில் பார்த்துக்கொள்வோம் என்று, மறைப்பதற்கு என்ன இருக்கிறது, நன்றாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நிறம் மாறியது. உதடு வெளுத்தது. எனக்கு அது போதுமாக இருக்கவில்லை.

அவள் போய்ச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றினாள். தலைத்துணி நுனியால் தூசு துடைத்து, முகம் கீழே இருக்கும்படி அலுமாரியின்மேல் வைத்தாள். பிறகு பேசினாள். இப்போது இமாம் மொழிபெயர்த்தார். அதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

"உனக்கு நாக்கு இருந்ததல்லவா, என்று கேட்கிறாள். அன்றைக்கே சொல்லியிருந்தால் என் மகன் உன் வாசலில் கிடந்திருப்பான். திருப்பித் திருப்பிக் கேட்டிருப்பான். உன் வலையை இழுத்துக்கொண்டு இருந்திருப்பான். ரஷ்யாவுக்குப் போயிருக்க மாட்டான். இலேசான மனதோடு அனுப்பிவிட்டு, மண்ணுக்குள் போனபிறகு வந்து பாரத்தை வைக்கிறாயே."

"என் பொஞ்சாதியை மண்ணுக்குள் வைத்துவிட்டுத்தான் அவனும் என் வாசலுக்கு வந்தான்," என்றேன். "மூன்று நாள். எனக்கு நாக்கு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது. அவசரம் அவனுக்குத்தான் இருந்தது. போகிற அவசரம்."

இமாம் இதையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டுத் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழும்பினாள்.

"என்னிடம் சொல்லாதே, என்கிறாள். அவனிடம் போய்ச் சொல். வா."

அவனை அடக்கிய மையவாடி ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நெஞ்சளவு மண்சுவர். உள்ளே மேடு மேடாகக் கபுருகள். அங்கேயும் மண் உப்புப் பூத்துக் கிடந்தது. பின்னால் ஊரே வந்தது. பஞ்சு பிடுங்கியவர்கள், திராட்சைக் கிழவர், என்னைப்போலக் கதைத்துக் காட்டியவள். யாரும் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் வெற்றியோடு நடந்தேன் என்று சொன்னால் பொய் இல்லை.

வாசலில் இமாம் நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும் யா அஹ்லல் குபூர்," என்றார். கபுராளிகளே, உங்கள்மேல் சாந்தி உண்டாகட்டும். மையவாடிக்குள் போகிற எவரும் சொல்ல வேண்டியது. எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக முன்னே இது பழகிவிடும். என் நாக்கின் நுனிக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் விளங்கியது, அதைச் சொன்னால் அவனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் பல்லைக் கடித்தேன். வைத்த காலைப் பின்னால் எடுத்தேன்.

இமாம் காத்திருந்தார். "ஸலாம் சொல்லுங்கள்."

"இவர்களில் ஒருவனை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் சொல்ல வழி உண்டா?"

அவர் உண்மையான மனிதர். யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "இல்லை. எல்லாருக்கும் ஒன்றாகத்தான்."

"அப்படியென்றால் நான் வெளியே நிற்கிறேன்."

சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு எழும்பியது. இவ்வளவு தூரம் வந்தவன் வாசலில் நிற்கிறானே என்று ஒரு கிழவி கையை விரித்தாள். மொஹிரா மட்டும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய் ஒரு மேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். அதுதான் என்று காட்டினாள். சுவரிலிருந்து தூரம் இல்லை. நான் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, களப்பில் ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்துக்குக் கூப்பிடும் குரலில், தமிழில் சொன்னேன்.

"டேய் ஜம்ஷித்! பதுர்தீன் வந்திரிக்கிறன். கேட்டுக்க. அண்டைக்கும் நான் மன்னிக்கல்ல. இண்டைக்கும் மன்னிக்கல்ல. என்ட கையப் புடிச்சிக்கொண்டு நீ அழுதது உனக்குத்தான், அவளுக்கு இல்ல. முன்னால பார்த்து ஓட்டியிருந்தா போதும்டா. முன்னால பார்த்திருந்தா போதும்."

அதற்குமேல் சொல்லத் தயார்பண்ணி வந்தது நிறைய இருந்தது. விமானத்தில் முழுவதும் தயார்பண்ணினேன். எதுவும் வரவில்லை. சொல்லிமுடித்துவிட்டேன் என்று பட்டது.

ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனாலும் அவன் பெயர் விளங்கியிருக்கும். மொஹிரா அந்த மேட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள், சத்தம் போடுகிறவனிடமிருந்து பிள்ளையை மறைக்கிற மாதிரி. பிறகு வெளியே வந்து, சுவரின் இந்தப் பக்கம் என் முன்னால் நின்றாள்.

"எதுவரைக்கும் என்று கேட்கிறாள்," என்றார் இமாம்.

"மஹ்ஷர் வரைக்கும்."

அந்தச் சொல்லுக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவள் தலையை ஆட்டினாள், ஒரு விலையை ஒத்துக்கொள்கிறவள் போல. அதன்பிறகு சொன்னதை இமாம் உடனே எனக்குச் சொல்லவில்லை. அவளிடம் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் சொன்னார்.

"சரி, அங்கே நான் உன்னிடம் வரமாட்டேன், என்கிறாள். உன் மனைவியிடம் போவேன். உயிர் போனது அவளுக்கு. ஹக்கு அவளுடையது. அவள் காலைப் பிடித்துக் கேட்பேன். நீ உன் முறிந்த கைக்குத்தான் கணக்குக் கேட்கலாம்."

நான் இமாமைப் பார்த்தேன். அது சரியா என்று கேட்கவில்லை. பதில் அவர் முகத்தில் இருந்தது.

"அவ என்ட பொஞ்சாதி," என்றேன், அரபில் இல்லை, தமிழில். "நான் சொன்னதத்தான் சொல்லுவா."

எங்கள் இருபத்தியிரண்டு வருடத்தில் அஸ்ரியா ஒருநாளும் நான் சொன்னதைச் சொன்னவள் அல்ல.

"அவளுடைய பெயர் என்ன என்று கேட்கிறாள்," என்றார் இமாம். "ஜம்ஷித் சொல்லாமலே போய்விட்டான். அந்தப் பெண் என்றுதான் சொல்வானாம். பெயர் தெரிந்தால் குர்ஆனில் யாஸீன் ஓதி, அந்த நன்மையை அவளுக்குச் சேர்த்து வைப்பாளாம். வெள்ளிக்கிழமைதோறும். போய்ச் சந்திக்கும்போது தெரிந்த ஆளாக இருக்கட்டும் என்கிறாள்."

வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஊர் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு பெயர்தானே. ஓதினால் நன்மை அஸ்ரியாவுக்குத்தான் போய்ச்சேரும். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைக் கொடுத்தால், என்னைத் தாண்டிப் போவதற்கு இவளுக்கு ஒரு வழி வெட்டிக் கொடுக்கிறேன் என்பதும் தெரியும். என்னிடமிருந்து முதலில் மகன் கையை எடுத்தான். இப்போது தாய் பெயரைக் கேட்கிறாள்.

"யோக்," என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. கார் நின்ற இடம்வரை வந்து, துணியில் சுற்றிய இரண்டு ரொட்டியைப் பின்சீற்றில் வைத்தாள். நான் எடுத்துக் கார்க்காரனின் மடியில் வைத்தேன். அவன் பிஸ்மில்லாஹ் சொல்லி, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, புகாராவரை அதைத் தின்றான். நான் என் பிஸ்கட்டைத் தின்றேன். நமத்துப்போயிருந்தது. ஹோட்டல் வாசலில் ஜபார் ஹாஜியார் நின்றுகொண்டிருந்தார்.

"எப்பிடி வெங்காயம்?"

"பெரிசு," என்றேன். "ஆனா மண் உப்பு."

வந்து இரண்டு பெருநாள் கழிந்துவிட்டது. கை ஒழுங்காக வேலை செய்கிறது. புதிய வள்ளம் வாங்கவில்லை. றைஸாவைப் பார்க்கப் போவதென்றால் பஸ்ஸில் புத்தளத்தைச் சுற்றிப் போகிறேன். அந்த ஊருக்குப் போய் அப்படிச் செய்தது சரியா என்று என் காதுபடவும் படாமலும் கேட்டவர்கள் உண்டு. பள்ளிவாசலில் ஒருவர் மன்னிப்பின் சிறப்பைப் பற்றி எனக்கு மட்டும் கேட்கும்படி பயான் செய்தார். அவருடைய மனைவி வீட்டில் சோறு சமைத்துக்கொண்டிருக்கிறாள். நான் எழும்பி வந்துவிட்டேன்.

என் நம்பரை அந்த ஊர் இமாம், ஜபார் ஹாஜியாரிடமிருந்து எப்படியோ எடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவுக்கு முன், போனில் ஒரு குரல் செய்தி வரும். முதலில் அவருடைய அரபு ஸலாம். பிறகு மொஹிராவின் குரல், அவளுடைய மொழியில், கொஞ்ச நேரம். எனக்கு அதில் ஒன்றும் விளங்காது. கடைசியில் இமாம் அதை ஒரே கேள்வியாகச் சுருக்கிச் சொல்வார். முழுவதையும் கேட்பேன். பதில் போடுவதில்லை.

இன்று காலையும் வந்தது. என் மனைவியின் பெயர் அவர்களுக்கு இன்னும் தெரியாது.